கோட்லினா, ஃப்ளட்டரா, ரியாக்ட் நேட்டிவா: தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்கள் ஆப் செய்யக் கற்க எதில் தொடங்கலாம்?

"அண்ணா, ஆப் செய்யக் கத்துக்கணும், எதுல ஆரம்பிக்கறது?" தருமபுரி, கிருஷ்ணகிரி கல்லூரிகளில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். கேட்ட கையோடு மூன்று பெயர்களையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: கோட்லின், ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ். கோட்லின் ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் மொழி. மற்ற இரண்டும் ஒரே முறை எழுதி ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஆப் செய்யும் கருவிகள்: ஃப்ளட்டரில் எழுதுவது டார்ட் மொழியில், ரியாக்ட் நேட்டிவில் ஜாவாஸ்கிரிப்டில். யூடியூபில் ஒருவர் ஒன்றைத் தூக்கி வைத்துப் பேசுகிறார், அடுத்தவர் அதற்கு எதிர்காலமே இல்லை என்கிறார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்து ஒரு செமஸ்டர் ஓடிவிடுகிறது.

பதில் சொல்வதற்கு முன்னால் நான் மூன்று விஷயம் கேட்பேன். லேப்டாப்பில் ராம் எவ்வளவு? படிப்பு முடிய இன்னும் எத்தனை மாதம்? இப்போதே கைப்பழக்கம் உள்ள மொழி எது? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும். மீதிப் பாதியில் என் விருப்பத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: 8 ஜிபி ராமும் ஒரு வருஷத்துக்கு மேல் நேரமும் இருந்தால் கோட்லினில் தொடங்குங்கள். மற்றவர்களுக்கு வேறு வழி நல்லது. ஏன் என்று விரிவாகப் பார்ப்போம்.

பாடத்திட்டத்தில் இருப்பது போதாதா?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் 'ஆப் டெவலப்மென்ட்' என்றே ஒரு விருப்பப் பாடம் இருக்கிறது. ஜாவாவில் நேட்டிவ் ஆப் (அந்த வகைப் போனுக்கென்றே நேராக எழுதுவது) ஒரு யூனிட், ஹைப்ரிட் ஆப் (வெப்சைட்டை ஆப் உறைக்குள் வைப்பது) ஒரு யூனிட், ரியாக்ட் நேட்டிவ் ஒரு யூனிட் என்று எல்லா வழியையும் தொட்டுக் காட்டுகிறார்கள். என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள இது நல்ல பாடம். ஆனால் ஒரே செமஸ்டரில் இத்தனையையும் தொட்டால் எதுவும் கையில் நிற்காது. ஆண்ட்ராய்டுக்குக் கோட்லினை கூகுள் 2017-ல் ஏற்றுக்கொண்டது, 2019-ல் அதுதான் முதல் மொழி என்று அறிவித்தது. ஆண்ட்ராய்டின் புதிய திரை வடிவமைப்புக் கருவியான ஜெட்பேக் கம்போஸ் 2021-ல் வந்தது, அதை எழுதுவதே கோட்லினில்தான். ஹைப்ரிட் பக்கம், ஒரு காலத்தில் எல்லோரும் கற்ற போன்கேப் என்ற கருவியை அடோபி 2020-ல் நிறுத்திவிட்டது. ஆகவே பரீட்சைக்கு ஜாவாவை நன்றாகவே படியுங்கள், வீணாகாது. ஜாவா தெரிந்தவருக்குக் கோட்லின் சில வாரங்களில் பிடிபட்டுவிடும். ஆனால் கையால் செய்து பழகும் ஆப் கோட்லினில் இருக்கட்டும்.

பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.சி.ஏ., பி.எஸ்சி. படிப்பவர்களுக்கு நேரம் இன்னும் இறுக்கம். மொத்தமே மூன்று வருஷம். ப்ராஜெக்ட் என்று வரும்போதுதான் பலர் ஆப் பக்கமே திரும்புகிறார்கள். அவர்களுக்கு என் பதில் மாறும், கீழே வருகிறேன்.

முதலில் லேப்டாப்பைப் பாருங்கள்

இதைப் பற்றி யூடியூபில் யாரும் சரியாகப் பேசுவதில்லை. அவர்கள் மேஜையில் 16 ஜிபி, 32 ஜிபி மெஷின் இருக்கிறது. நம் பிள்ளைகளிடம் இருப்பது அண்ணன் கொடுத்த பழைய லேப்டாப், இல்லாவிட்டால் அரசு கொடுத்த லேப்டாப். ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ ஓடக் குறைந்தது 8 ஜிபி ராம் வேண்டும், எமுலேட்டரும் (லேப்டாப் திரையில் ஓடும் மாதிரிப் போன்) சேர்ந்தால் 16 ஜிபி வேண்டும் என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. 8 ஜிபியில் எமுலேட்டரைத் திறந்தால் லேப்டாப் சூடாகி, மவுஸ் நகராமல் நிற்கும். நம்மால் இது முடியாது போல என்று மனசு விட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கோளாறு மாணவரிடம் இல்லை, அந்த எமுலேட்டரிடம்.

எமுலேட்டரை மறந்துவிடுங்கள். கையில் இருக்கும் போனே போதும். போன் செட்டிங்ஸில் பில்டு நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யூஎஸ்பி டீபக்கிங்கைப் போட்டு லேப்டாப்போடு இணைத்தால், எழுதும் ஆப் நேராகப் போனில் ஓடும். இங்கே ஒரு சின்ன விஷயத்தில் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் சில கேபிள்கள் சார்ஜ் மட்டுமே ஏற்றும், டேட்டா போகாது. போன் சார்ஜ் ஆகிறது, ஆனால் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் தெரியவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்கு மேல் என்றால் கேபிளே இல்லாமல் வைஃபை வழியாகவும் இணைக்கலாம்.

இன்னொன்று, டேட்டா. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, எஸ்டிகே என்ற ஆண்ட்ராய்டு கருவித் தொகுப்பு, அப்புறம் முதல் ப்ராஜெக்ட் திறந்ததும் கிரேடில் (எழுதியதை ஆப்பாகக் கட்டித் தரும் கருவி) இழுக்கும் லைப்ரரிகள் எல்லாம் சேர்த்தால் பல ஜிபி. போன் ஹாட்ஸ்பாட்டில் தினசரி டேட்டாவை வைத்து இதை ஆரம்பித்தால் பாதியில் நிற்கும், பாதியில் நின்ற கிரேடில் புரியாத எரர் காட்டும். கல்லூரி லேப் வைஃபையில் உட்கார்ந்து, முதல் முறை பில்டு ஆகும் வரை முடித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். பழைய லேப்டாப்பில் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால், எந்தக் கோர்ஸுக்கும் பணம் கட்டுவதற்கு முன்னால் அதை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போடுங்கள். அதைவிடப் பயனுள்ள செலவு இந்தக் கட்டத்தில் இல்லை.

4 ஜிபி லேப்டாப்தான் இருக்கிறது, ராம் கூட்டவும் வழியில்லை என்றால் கோட்லினும் வேண்டாம், ஃப்ளட்டரும் வேண்டாம். ஃப்ளட்டர் இலேசானது என்று ஒரு பேச்சு உண்டு. எழுதும் எடிட்டர் இலேசாக இருக்கலாம், ஆனால் ஆண்ட்ராய்டுக்குப் பில்டு செய்யும்போது பின்னால் ஓடுவது அதே கிரேடில்தான். 4 ஜிபிக்காரர்களுக்கு உண்மையிலேயே ஓடும் வழி ரியாக்ட் நேட்டிவ், அதுவும் எக்ஸ்போ என்ற துணைக் கருவியோடு. லேப்டாப்பில் நோடும் (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) ஒரு எடிட்டரும் இருந்தால் போதும். போனில் எக்ஸ்போ கோ ஆப்பைப் போட்டு, திரையில் வரும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் உங்கள் ஆப் போனில் திறக்கும். கடைசியில் இன்ஸ்டால் செய்யும் ஃபைல் வேண்டும் என்றால் எக்ஸ்போவின் சர்வரிலேயே பில்டு செய்து வாங்கலாம். இலவசக் கணக்கில் மாதத்துக்கு இத்தனை என்று வரம்பு உண்டு, வரிசையில் காத்திருக்க வேண்டும், ஆனால் மாணவருக்கு அது போதும்.

மண்டி ரசீது ஆப் ஒன்றை வைத்துப் பார்ப்போம்

மூன்றையும் பொதுவாக ஒப்பிட்டால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். பட்டனைத் தட்டினால் எண் கூடும் மாதிரி ஆப்பை எதிலும் செய்துவிடலாம். அதனால் நம் ஊர் வேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டி. விவசாயி பெட்டிகளை இறக்குகிறார். எடை, விலை, கமிஷன், வண்டி வாடகை எல்லாம் கழித்து ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். அதைப் போனில் போட்டு, சின்ன ப்ளூடூத் பிரிண்டரில் தமிழில் ரசீது அடிக்க வேண்டும். கல்லூரி ப்ராஜெக்டுக்கு இதைவிட நல்ல தலைப்பு எனக்குத் தெரியவில்லை. பட்டுக்கூடு அங்காடிக்கும், கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிக்கும் ஏறக்குறைய இதே ஆப் பொருந்தும்.

முதல் சிக்கல் சிக்னல். மண்டிக்குள் கூட்ட நேரத்தில் நெட் இழுக்கும். வத்தல்மலை, அஞ்செட்டி மாதிரி மலைப்பகுதிக்குப் போனால் சிக்னல் சில இடங்களில் இருக்கும், சில இடங்களில் இருக்காது. ஆகவே ஆப் எல்லாவற்றையும் முதலில் போனிலேயே சேமித்து, நெட் வந்ததும் சர்வருக்கு அனுப்ப வேண்டும். கோட்லினில் இதற்கு ரூம், வொர்க்மேனேஜர் என்ற இரண்டு கருவிகளை கூகுளே தருகிறது. போனில் இருக்கும் டேட்டாபேஸில் எழுதுவது ரூம். நெட் வரும்வரை காத்திருந்து, ஆப்பை மூடிவிட்டாலும் வேலையை முடிப்பது வொர்க்மேனேஜர். ஃப்ளட்டரிலும் ரியாக்ட் நேட்டிவிலும் இதைச் செய்யலாம். ஆனால் யாரோ எழுதிய ப்ளகின் (நம் ஆப்பில் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்) வழியாகச் செய்ய வேண்டும், அந்த ப்ளகின் உள்ளே போய்க் கூப்பிடுவதும் இதே வொர்க்மேனேஜரைத்தான்.

இரண்டாவது பிரிண்டர். 58 மில்லிமீட்டர் தாளில் அடிக்கும் அந்தச் சின்னப் பிரிண்டர்களில் பொதுவாகத் தமிழ் எழுத்து இருக்காது. இங்கிலீஷ் எழுத்தை அப்படியே அனுப்பினால் அடிக்கும், தமிழை அனுப்பினால் கேள்விக்குறியும் கிறுக்கலும் வரும். வழி என்ன? ரசீது முழுவதையும் போனிலேயே ஒரு கறுப்பு வெள்ளைப் படமாக வரைந்து, படமாகவே பிரிண்டருக்கு அனுப்ப வேண்டும். அகலம் 384 புள்ளி. கோட்லினில் கேன்வாஸில் வரைந்து, புள்ளிகளை எட்டு எட்டாகச் சேர்த்து பைட்டாக்கி அனுப்புவதை ஒரு மாணவர் ஒருமுறை தன் கையால் எழுதினால், நான்கு வருஷம் படித்த பிட், பைட் பாடம் அன்றைக்குத்தான் உறைக்கும். ஃப்ளட்டரில் திரையில் இருக்கும் ரசீதையே படமாகப் பிடித்து அனுப்பலாம், அது இன்னும் எளிது. இந்த இடத்தில் ஃப்ளட்டருக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போடலாம்.

ஆனால் ப்ளூடூத் இணைப்பில் கணக்கு திரும்பும். 2021-ல் வந்த ஆண்ட்ராய்டு 12-ல் ப்ளூடூத்துக்கான அனுமதிகளைப் பிரித்துப் புதிதாக வைத்தார்கள். அதற்கு ஏற்ப மாற்றப்படாத பழைய ப்ளகின்கள் புதுப் போன்களில் இணைப்பு நேரத்தில் விழுந்துவிடும். கோட்லின்காரர் அனுமதி வரிகளைத் திருத்திவிட்டுப் போய்விடுவார். ஃப்ளட்டர் மட்டும் தெரிந்தவர் ப்ளகின் எழுதியவர் எப்போது சரிசெய்வார் என்று பார்த்துக்கொண்டு இருப்பார். எக்ஸ்போ கோவில் ப்ளூடூத்தே கிடையாது. அதற்குத் தனியாக ஒரு டெவலப்மென்ட் பில்டு (எக்ஸ்போ கோவுக்குப் பதிலாக நம் ஆப்புக்கென்றே கட்டும் சோதனைப் பதிப்பு) செய்ய வேண்டும். 4 ஜிபி லேப்டாப்காரர் இந்தத் தலைப்பை எடுத்தால் பிரிண்டரை விட்டுவிட்டு, ரசீதைப் படமாக வாட்ஸ்அப்பில் அனுப்பும்படி செய்துகொள்ளலாம்.

மூன்றாவது தமிழ். விவசாயிகள் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கு முன்னால் ஒரு வட்டமும் அதற்குள் முதல் எழுத்தும் வைக்கிறோம். 'கோவிந்தன்' என்ற பெயருக்கு வட்டத்தில் 'க' என்று வந்து நிற்கும். காரணம், கம்ப்யூட்டரில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் 'கோ' என்பது ஒரு குறியீடு இல்லை, க-வும் ஓகாரக் குறியும் சேர்ந்த இரண்டு. முதல் குறியீட்டை மட்டும் எடுத்தால் குறி கழன்றுவிடும். மூன்று மொழியிலும் இந்தக் கோளாறு உண்டு. டார்ட்டில் கேரக்டர்ஸ் என்ற பேக்கேஜ் முழு எழுத்தாக எடுத்துத் தரும், ஆண்ட்ராய்டில் பிரேக்இட்டரேட்டர் அதையே செய்யும். தமிழில் ஆப் செய்கிறவர் இதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும், பாடத்திட்டத்தில் வராது. பட்டன் அகலமும் அப்படித்தான். இங்கிலீஷ் சொல்லுக்கு அளந்து வைத்த பட்டனில் 'பதிவிறக்கு' பாதியில் வெட்டிக்கொண்டு நிற்கும். முதல் நாளிலிருந்தே தமிழில் எழுதி ஓட்டிப் பாருங்கள்.

இந்த ஒரு ஆப்பை வைத்துப் பார்த்தாலே என் சாய்வு ஏன் கோட்லின் பக்கம் என்று புரியும். கஷ்டம் வந்த இடமெல்லாம் போனுக்குள் இருக்கிறது. அனுமதி, பின்னணி வேலை, பேட்டரிக்காக ஆப்பை மூடிவிடும் போன், ப்ளூடூத். இவற்றை ஒருமுறை நேராகக் கற்றவருக்கு மேலே எந்தக் கருவி வந்தாலும் பயமில்லை. கருவிகள் வரும், போகும். மைக்ரோசாஃப்ட் தன் சாமரின் என்ற ஆப் கருவிக்கு 2024 மே மாதத்தோடு ஆதரவை நிறுத்திக்கொண்டது. ரியாக்ட் நேட்டிவில் பெரிதாக இறங்கிய ஏர்பிஎன்பி 2018-ல் அதை விட்டு நேட்டிவுக்கே திரும்புவதாக அறிவித்தது. ஆண்ட்ராய்டின் அனுமதி முறை, டேட்டாபேஸ், பின்னணி வேலை பற்றிய அறிவு அதனால் பழசாகிவிடவில்லை.

அப்படியானால் ஃப்ளட்டர் யாருக்கு?

கையில் நான்கைந்து மாதமே இருக்கிறது, 8 ஜிபி லேப்டாப் இருக்கிறது, ப்ராஜெக்டைக் காட்டியே ஆக வேண்டும் என்கிற கடைசி வருஷ மாணவருக்கு. நான் மேலே சொன்ன பி.சி.ஏ. பிள்ளைகளில் பலர் இந்த வகை. 2018 டிசம்பரில் ஃப்ளட்டரின் முதல் நிலையான பதிப்பு வந்தது. கூகுள் பே அதில்தான் எழுதப்பட்டது, ஆகவே விளையாட்டுச் சாமான் என்று யாரும் ஒதுக்க முடியாது. ஒரு வரியை மாற்றிச் சேமித்த உடனே போனில் மாற்றம் தெரிவது புதிதாகக் கற்பவருக்குப் பெரிய உற்சாகம். திரை வடிவமைப்பு வேகமாக முடிந்துவிடும். குறை என்று பார்த்தால், டார்ட் மொழிக்கு ஃப்ளட்டருக்கு வெளியே அதிக வேலை இல்லை. ஜாவா, பைத்தான் எதுவுமே சரியாக வராதவர் டார்ட்டில் தொடங்கினால் கேம்பஸ் தேர்வில் எழுதக் கைவசம் ஒரு மொழி இருக்காது.

ஏற்கெனவே வெப்சைட் செய்து பழகி, ஜாவாஸ்கிரிப்டும் ரியாக்ட்டும் தெரிந்தவர்களுக்கு ராம் எவ்வளவு இருந்தாலும் ரியாக்ட் நேட்டிவ்தான் இயல்பு. பேஸ்புக் 2015-ல் வெளியிட்டது, இன்றும் உயிரோடு வளர்கிறது. தெரிந்த மொழியை விட்டுவிட்டு அடியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

ஐபோன் ஆப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். ஓசூர் பக்கத்திலேயே ஐபோன் பாகங்கள் தயாராவதால் ஆசை வருவது இயற்கைதான். ஸ்விஃப்டில் எழுத எக்ஸ்கோடு வேண்டும், எக்ஸ்கோடு மேக்கில் மட்டும்தான் ஓடும், ஆப் ஸ்டோரில் போட வருஷத்துக்கு 99 டாலர். படிக்கும் காலத்தில் வேண்டாம். மாங்காய் விலைப் பட்டியல், பஸ் நேரம் மாதிரி படித்துவிட்டு மூடும் தகவல் மட்டும் என்றால் ஆப்பே தேவையில்லை, போனில் நன்றாகத் தெரியும் வெப்சைட் போதும்.

எங்கே உட்கார்ந்து கற்பது?

பெங்களூரு பயிற்சி மையத்தில் சேரலாமா என்று வீட்டில் பேச்சு வரும். ஃபீஸ் தவிர தங்கும் செலவும் சேரும். நான் அதை முதல் வழியாகச் சொல்லமாட்டேன். கூகுள் இலவசமாகத் தரும் 'ஆண்ட்ராய்டு பேசிக்ஸ் வித் கம்போஸ்' கோர்ஸ் முதல் வரியிலிருந்து சொல்லித் தருகிறது, ஒவ்வொரு பாடத்திலும் செய்து பார்க்கப் பயிற்சி இருக்கிறது. தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்கள் இங்கிலீஷைக் கண்டு தயங்குகிறார்கள். இந்த வகை எழுத்தில் வரும் சொற்கள் திரும்பத் திரும்ப வருபவைதான், இரண்டு யூனிட் தாண்டினால் பழகிவிடும். 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் உங்கள் கல்லூரிக்கு ஆப் சம்பந்தப்பட்ட பாடம் வந்தால் முதலில் அதை எடுங்கள், காசு செலவில்லை. இதையெல்லாம் மீறி மையத்தில்தான் சேருவேன் என்றால், பணம் கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: "இங்க படிச்சவங்க பண்ணின ஆப் ப்ளே ஸ்டோர்ல இருக்கா சார், காட்டுங்க." காட்டினால் சேருங்கள்.

வேலை விஷயத்தில் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கூட்டமாக ஆள் எடுக்கும் பெரிய கம்பெனிகள் கேம்பஸில் ஆப்டிட்யூடும் அடிப்படை ப்ரோக்ராமிங்கும்தான் பார்க்கின்றன, இந்த மூன்றில் எது தெரியும் என்று கேட்பது குறைவு. சின்னக் கம்பெனிகள்தான் பெயர் சொல்லி ஆள் கேட்கும். அங்கே சர்டிஃபிகேட்டைவிட, இன்ஸ்டால் செய்து பார்க்கக்கூடிய ஒரு ஆப் அதிகம் பேசும். ஒரு மண்டிக்காரர் உண்மையிலேயே தினமும் பயன்படுத்தும் ரசீது ஆப் என்றால், இன்டர்வியூவில் கேள்வி எல்லாம் அதைச் சுற்றியே வரும். நீங்கள் கஷ்டப்பட்டுச் சரிசெய்த ஒவ்வொன்றும் அங்கே பதிலாகும்.

ப்ளே ஸ்டோரில் போடுவதற்கு ஒரே முறை 25 டாலர் கட்டினால் போதும். ஆனால் 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால் ஆப்பை உடனே வெளியிட முடியாது. குறைந்தது 12 பேரைச் சோதனையாளர்களாகச் சேர்த்து, அவர்கள் தொடர்ந்து 14 நாள் அதில் இருக்க வேண்டும், அப்புறம்தான் வெளியீட்டுக்கே விண்ணப்பிக்கலாம். நடுவில் சிலர் விலகி எண்ணிக்கை 12-க்குக் கீழே போனால் சிக்கல், அதனால் வகுப்பில் பதினைந்து பேரிடமாவது முன்பே பேசி வையுங்கள். கணக்குத் திறக்கும்போது அடையாளச் சரிபார்ப்பும் உண்டு, பெயரும் முகவரியும் ஆவணத்தில் உள்ளபடியே கொடுங்கள். ஏப்ரலில் வைவா என்றால் பிப்ரவரி முடிவதற்குள் கணக்கைத் திறந்துவிடுங்கள். அதுவரை காத்திருக்காமல் ஏபிகே ஃபைலை (ஆப்பை இன்ஸ்டால் செய்யும் ஃபைல்) மண்டிக்காரர் போனில் நேராகப் போட்டுக் கொடுத்து, ஒரு சந்தை நாள் முழுக்க அவர் பக்கத்தில் நின்று எங்கே தடுமாறுகிறார் என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.